அமீனா தொடாத பாத்திரம்

ஒரு நாள் இரவு ஒன்பதே கால் மணிக்கு எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. பேசிய மனிதன் என் சித்தி மகளின் கணவர் பெயரைச் சொல்லி, "அவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டான். சொன்னேன். "அப்படியானால் பாக்கியை நீங்களே கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் செய்வோம்" என்றான். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் அல்ல. மாப்பிள்ளை கடன் வாங்கிய செய்தியே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் தங்கையோடு பேசினேன். கும்பகோணத்தில் இருக்கிறாள். இரண்டு மாதத் தவணை தவறிவிட்டதாம். அவள் அழவில்லை, அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள். "அண்ணா, வெண்கலப் பானை, குத்துவிளக்கு, அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா எல்லாவற்றையும் எதிர்வீட்டு மாமியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஆள் வந்து வீட்டைத் துடைத்துவிட்டுப் போவோம் என்கிறான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாலிச் சரட்டையும் எடுத்துக்கொண்டு போவார்களோ?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கத்தோடு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு அமீனாவை என் கதைகளிலே இரண்டு தடவை வரவழைத்திருக்கிறேன். ஒரு கதையில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையையே அவர் இறக்கி எடுத்துக்கொண்டு போகிறார். வாசகர்கள் மனம் உருகிக் கடிதம் எழுதினார்கள். சட்டப்படி அந்தப் பானையில் அவர் விரலை வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியாது, கடிதம் எழுதியவர்களுக்கும் தெரியாது. தங்கைக்குப் பதில் சொல்வதற்காகப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. புரட்டிக்கொண்டே எங்கெங்கோ போய்விட்டேன்.

முதலில் போன இடம் நம் பாண்டிய நாட்டுக் கடற்கரை. அராபிய வியாபாரிகள் அதை மாபார் என்றார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். பல தடவை கேட்டும் கடனைத் தராமல் நாள் கடத்துகிறவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவார்களாம். கடன் கொடுத்தவனுக்குச் சமாதானம் சொல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது; தாண்டினால் மரண தண்டனை. ராஜாவே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பாக்கி வைத்திருந்தாராம். ஒரு நாள் அவர் குதிரைமேல் வரும்போது வியாபாரி குதிரையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டான். ராஜா அப்படியே நின்று, கடன் தீர்ந்த பிறகுதான் நகர்ந்தார். தாமே கண்ணால் கண்டதாக மார்க்கோ போலோ சொல்கிறார். இதையெல்லாம் அவர் சொல்லி எழுத வைத்தது 1298-இல், ஜெனோவாவில் ஒரு சிறைக்குள் இருந்துகொண்டு. வட்டத்துக்குள் நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஜாவிடம் கஜானா உண்டு. ஒன்றும் இல்லாதவன் வட்டத்துக்குள் நின்றால் என்ன ஆகும்? அதை மார்க்கோ போலோ சொல்லவில்லை. அந்த வட்டத்துக்கு வலிமை கொடுத்தது கோடு அல்ல, கூடி நின்று வேடிக்கை பார்த்த கூட்டம். வட இந்தியாவில் கடன்காரன் வாசலில் போய்ப் பட்டினி கிடந்து, தெய்வ கோபம் அவன் தலையில் விழட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குத்தான் தர்ணா என்று பெயர். இந்தத் தந்திரத்தை வெள்ளைக்காரச் சர்க்கார் 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடிலே குற்றமாக்கி, வாசலில் தர்ணா இருப்பவனையே உதாரணமாகவும் காட்டியது. கடனைக் கேட்கலாம், ஆனால் இன்ன விதமாகக் கேட்கக் கூடாது என்று நம் நாட்டில் அச்சில் ஏறிய பழைய சட்டங்களில் அது ஒன்று.

அந்த வெள்ளைக்காரர்களின் சொந்த ஊரில் அப்போது நடந்தது என்ன தெரியுமா? கடன்காரனைச் சிறையில் போட்டார்கள். 1824-இல் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுன் 10 ஷில்லிங்குக்காக ஜான் டிக்கன்ஸ் என்பவரை லண்டன் மார்ஷல்ஸீ சிறையில் அடைத்தார்கள். அவருடைய மகன் சார்லஸுக்கு வயது பன்னிரண்டு. பையன் படிப்பை விட்டுவிட்டு பூட்ஸ் மைத் தொழிற்சாலையில் ஜாடிகளுக்குக் காகிதம் ஒட்டப் போனான். தகப்பனார் இன்ஸால்வெண்டு சட்டப்படி வெளியே வர முயன்றபோது ஒரு நிபந்தனை குறுக்கிட்டது. அவர் வைத்துக்கொள்ளும் உடுப்பு முதலிய சொந்தச் சாமான்களின் மதிப்பு 20 பவுனுக்கு மேற்படக் கூடாது. ஆகவே மகன் உடுத்தியிருந்த துணியையும் மதிப்பீட்டு அதிகாரி பார்த்தாக வேண்டும். சிறுவன் அவர் வீட்டுக்குப் போனான். பழைய தொப்பி, சின்ன ஜாக்கெட்டு, முரட்டுத் துணிக் கால்சட்டை. ஆனால் பையிலே பாட்டி கொடுத்த பெரிய வெள்ளிக் கடிகாரம் இருந்தது! அந்தக் கடிகாரத்தால் கணக்கு 20 பவுனைத் தாண்டிவிடுமோ என்று அவன் உள்ளுக்குள் பயந்தான். அதிகாரி வாய் நிறைய உணவோடு வெளியே வந்து பார்த்து, சரி போ என்று விட்டுவிட்டார்.

இதை டிக்கன்ஸ் தம் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். சிநேகிதர் பார்ஸ்டரிடம் சொன்னதால்தான், டிக்கன்ஸ் இறந்த பிறகு அது உலகத்துக்குத் தெரிந்தது. கும்பகோணத்தில் அண்டாவைச் சுமந்துகொண்டு தெருவைக் கடந்த என் தங்கையையும் அந்தப் பையனையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கடனுக்காகச் சிறையில் போடுவதை இங்கிலாந்து 1869-இல் பெரும்பாலும் ஒழித்தது. அடுத்த வருஷம் டிக்கன்ஸ் காலமானார்.

இனி நம் அமீனாவிடம் வருவோம். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 60-ஆம் பிரிவை ஒரு வக்கீல் நண்பர் எனக்குப் படித்துக் காட்டினார். டிக்ரியே ஆகியிருந்தாலும், கடன்காரனுக்கும் மனைவி மக்களுக்கும் வேண்டிய துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது. தொழிலாளியின் கருவிகள், உழவனின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. சூரியன் அஸ்தமித்த பின்னும் உதயத்துக்கு முன்னும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது 62-ஆம் பிரிவு. 56-ஆம் பிரிவுப்படி பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கடன்காரனைச் சிவில் சிறையில் வைத்தால் அவன் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவனே கட்ட வேண்டும் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களிலும் ஒரு நகைச்சுவைக்காரர் இருந்திருக்கிறார்! சம்பளத்தில் முதல் 1000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. 1000 ரூபாய்க்கு இன்று என்ன வரும் என்று என் மனைவியிடம் கேட்க வேண்டாம்.

இதெல்லாம் கருணை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அதே சட்டம் நிலத்தை ஜப்தி செய்யும்போது தமுக்கு அடித்து ஊரறியச் சொல்லவும் வழி வைத்தது. மானத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் பாத்திரத்தை விட்டுக் கொடுத்தார்கள். வழியில்லாதவனையும் ஏமாற்றுகிறவனையும் பிரித்துப் பார்த்த பிறகே சிறைக்கு அனுப்ப வேண்டும் என்ற திருத்தம் 1936-இல்தான் வந்தது. 1980-இல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை இன்னும் அழுத்திச் சொன்னார். கையில் காசில்லாதது குற்றமாகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

நடுவிலே நம் மாகாணத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. ராஜாஜி மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி நிலுவையில் நின்ற வட்டி அத்தனையும் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கொடுத்தவர்கள் வயிறு எரிந்திருக்கும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வாங்கின கடனைக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகும் வட்டி சாகவில்லை, பெயரைத்தான் மாற்றிக்கொண்டது. 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் நம் வழக்குப்படியே ஏறின. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் வந்து பதினான்கு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை என்று மனுமேல் மனுக் கொடுத்த ஒரு குடும்பம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்தது. தாய், தகப்பன், இரண்டு சிறு குழந்தைகள். நால்வரும் பிழைக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது.

எனக்கு வந்த டெலிபோனுக்கும் விடை கிடைத்தது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுப் போன் செய்யக் கூடாது, கடன்காரரின் உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அமீனாவுக்கு இட்ட அஸ்தமன விதிதான், கடிகாரம் கட்டிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது.

தங்கைக்குப் போன் செய்து விவரமாகச் சொன்னேன். அடமானம் வைத்த சொத்தின் கதை வேறு. மாப்பிள்ளை எதையும் அடமானம் வைக்கவில்லை. கோர்ட்டு டிக்ரி இல்லாமல் ஒருவன் வாசற்படி ஏறி ஒரு கரண்டியை எடுத்தாலும் அது போலீஸ் கேஸ். டிக்ரியோடு அமீனாவே வந்தாலும் பானைக்கும் தாலிக்கும் பயமில்லை. போன் வந்த தேதி, மணி, பேசியவன் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவை. கடன் கொடுத்த கம்பெனிக்குப் புகாரை எழுத்தில் அனுப்பு. முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா அண்ணா?" என்றாள்.

"தெரிந்திருக்கும்."

"எனக்குத்தான் தெரியாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது" என்றாள்.

மாப்பிள்ளை இப்போது தவணையைச் சிறிதாக்கிக்கொண்டு கட்டி வருகிறார். அண்டா மட்டும் உடனே வீடு திரும்பவில்லை. எதிர்வீட்டு மாமி அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாளாம்.