காலி வீதிச் சாப்பாட்டுக்கடைகளின் உணவுப்பட்டியல்: நிறமும் நிரலும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாணையையும் தேடிச் செல்வது வழக்கம். நாள்தோறும் கண்ணிற்படும் சிறு பொருட்கள் பெரும்பாலும் அவர்தம் கவனத்துக்குத் தப்பிவிடுகின்றன. சாப்பாட்டுக்கடையின் சுவரில் தொங்கும் விலைப்பலகையும் மேசையில் வைக்கப்படும் உணவுப்பட்டியலும் அத்தகையன. எனினும், எம்மொழி மேலே நின்றது, எந்நிறம் தெரிந்தெடுக்கப்பட்டது, விலை எவ்விடத்தில் எழுதப்பட்டது என்னும் வினாக்களோடு நோக்குமிடத்து, அப்பட்டியல் ஒரு நகரத்து மக்கள் கூடி வாழ்ந்தமைக்கும், சில வேளைகளில் அவ்வாறு வாழ இயலாது போனமைக்கும் சான்றாக அமைதல் புலனாகும். கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஊடாகத் தெஹிவளைக்குச் செல்லும் காலி வீதி இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். சைவக்கடை, முஸ்லிம் சாப்பாட்டுக்கடை, சிங்களவர் நடத்தும் உணவுச்சாலை ஆகிய மூன்றும் அவ்வீதியில் நெருங்கி அமைந்துள்ளன. அவற்றின் பட்டியல்களைக் கடைக்காரரின் அழகுணர்ச்சி மட்டும் தீர்மானிக்கவில்லை. சமயவொழுக்கம், அச்சுச்செலவு, அரசின் சட்டம், மொழிப்பூசல் என்பனவும் அவற்றை உருவாக்கின.

உணவுப்பட்டியல் எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் இருந்ததொன்றன்று. சீனத்தின் சொங் அரசர் காலத்தில், தலைநகரான காய்ஃபெங்கின் உணவகங்களில், உண்போர் கேட்டவற்றைப் பரிமாறுவோர் நினைவில் இருத்திச் சமையற்கட்டை நோக்கி ஓசையோடு ஒப்புவித்தனர் என அக்கால நகர வருணனை நூல் கூறுகின்றது. ஐரோப்பியப் பெருவிருந்துகளில் பதார்த்தங்கள் யாவும் ஒருங்கே மேசையிற் பரப்பப்பட்டமையால், கண்ணாற் கண்டதை எடுத்து உண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருசிய முறை பரவிப் பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியபோதே, அடுத்து வருவது யாதென விருந்தினருக்கு அறிவிக்கும் அட்டை இன்றியமையாததாயிற்று. அதற்கு முன்னரே, 1760களிலிருந்து பாரிஸ் நகரில் தோன்றிய உணவகங்கள், தனித்தனிப் பதார்த்தத்தைத் தனித்தனி விலைக்குத் தெரிந்தெடுக்கும் வழக்கத்தை வளர்த்திருந்தன. கண்முன் இல்லாத உணவைத் தெரிவுசெய்ய வேண்டிய நிலை எங்கு ஏற்பட்டதோ, அங்கேயே எழுத்துப் பட்டியல் பிறந்தது எனலாம்.

கொழும்புச் சைவக்கடையில் அந்நிலை நெடுங்காலம் ஏற்படவில்லை. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்ற பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க எழுதுவினைஞராகவும் வணிக நிறுவன ஊழியராகவும் வந்த இளைஞர் பலர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் கூட்டாக அறையெடுத்து, 'சமரி' எனப்பட்ட குடியிருப்புகளில் வாழ்ந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த இவர்களுக்குச் சைவக்கடையே அடுக்களையாயிற்று. அங்கே பரிமாறுபவரின் நாவே பட்டியல். வடையும் பிறவும் தட்டில் நிறைத்து மேசையில் வைக்கப்படும். உண்டவற்றின் தொகைக்கேற்பப் பணம் அறவிடப்படும். எழுத்தில் இருந்தது சுவர்ப்பலகை ஒன்றே. கரும்பலகையும் வெண்கட்டியும் அதற்குப் பொருத்தமாயிருந்தமைக்குக் காரணம் எளிது. தீர்ந்த பதார்த்தத்தை அழிக்கலாம். மாறிய விலையைத் திருத்தலாம்.

அப்பலகையின் நிரல் ஆராயத்தக்கது. ஐரோப்பிய அட்டை, முன்னுணவு, பேருணவு, இனிப்பு என்னும் வரிசையை உடையது. ஒரே வேளை உணவின் படிகள் அவை. சைவக்கடையின் நிரலோ பொழுதைத் தழுவியது. காலையில் இட்டலியும் தோசையும், நண்பகலில் சோறும் கறிகளும், மாலையில் வடையும் தேநீரும், இரவில் இடியப்பமும் பிட்டும் என அது நாளைப் பகுத்தது. சோறு, பருப்பு, குழம்பு, சொதி, பொரியல் யாவும் ஒரே இலையிற் சேரும் உணவுமுறைக்கு ஐரோப்பியப் படிவரிசை பொருந்துவதில்லை. பிற்காலத்தில் மேனாட்டு அட்டையைப் பின்பற்றி வடையை முன்னுணவாகவும் பிட்டைப் பேருணவாகவும் வகுத்தவர்கள், உணவின் இயல்பை அட்டையின் இயல்புக்கு வளைத்தனர். பட்டியலின் அமைப்பு உணவுமுறையிலிருந்து எழவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை முதலில் நோக்கவேண்டியது பொருளியற் காரணமாகும். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில், ஒவ்வொரு மேலதிக நிறத்துக்கும் தாள் மீண்டுமொருமுறை பொறியினூடு செல்லவேண்டியிருந்தது. ஆகவே சிறு கடைக்காரர் ஒரு நிறத்தோடு அமைந்தார். சற்று வசதியுடையோர் தலைப்பைச் சிவப்பிலும் ஏனையவற்றைக் கறுப்பிலும் அச்சிடுவிக்கலாம். நிறம் மலிந்தது ஓப்செற் அச்சும் கணினியும் பரவிய பின்னரேயாம். செலவு என்னும் கட்டுப்பாடு நீங்கியதும், எந்நிறம் யாருக்கு எப்பொருளைத் தரும் என்னும் வினா மேலெழுந்தது.

இலங்கையில் இவ்வினா வெறும் அழகியல் வினாவன்று. 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசியக்கொடியில் தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் பட்டைகளாக ஒதுக்கப்பட்டன. அவை சிங்கம் பொறித்த கட்டத்துக்குப் புறத்தே அமைந்தன. கொடி அமைப்புக் குழுவின் உறுப்பினராயிருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படாது தம் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தார். ஒரு நிறம் இடம்பெறுதல் வேறு, அது எவ்விடத்தில் இடம்பெறுகின்றது என்பது வேறு என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. நிறத்தையும் நிரலையும் பிரித்து நோக்கலாகாமைக்கு இதுவே காரணம்.

பச்சை நிறத்தின் வரலாறு இதனை மேலும் விளக்கும். இந்தியாவில் 2001 முதல் பொதிசெய்த உணவுகளில் மரக்கறியுணவுக்குப் பச்சைப் புள்ளியும் புலாலுணவுக்குக் கபிலக் குறியும் சட்டத்தால் விதிக்கப்பட்டன; உணவகப் பட்டியல்களும் அவ்வழக்கை மேற்கொண்டன. அதனால் சென்னையிலிருந்து வருபவருக்குப் பச்சை என்பது சைவம். காலி வீதியிலோ அதே பச்சை முஸ்லிம் கடையையும் ஹலால் உணவையும் நினைவூட்டக்கூடியது. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிரான இயக்கம் வலுத்தபோது, அவ்வாண்டு மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, உள்நாட்டுச் சந்தைப் பொருட்களில் அம்முத்திரை இடம்பெறாமைக்கு உடன்பட நேர்ந்தது. உண்ணத்தக்கதை அறிவிக்கும் ஒரு சிறு குறி, பெரும்பான்மையோர் சிலரின் கண்ணுக்கு ஆக்கிரமிப்பின் அடையாளமாகத் தோன்றியது. 2016 ஓகஸ்டிலிருந்து மென்பானங்களின் சீனியளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களாற் காட்டவேண்டுமென அரசு விதித்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. 2 கிராமிலும் குறைந்தால் பச்சை. இவ்வாறு ஒரே பச்சை சைவமாகவும் ஹலாலாகவும் உடல்நலமாகவும் வெவ்வேறு பொருள் தருகின்றது.

சிவப்பு பசியைத் தூண்டும் என்பது விளம்பரத் தொழிலில் வழங்கும் நம்பிக்கை. ஆயின் 2012இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், சிவப்புத் தட்டில் வைத்த தின்பண்டத்தையும் சிவப்புக் குறியிட்ட கிண்ணத்துப் பானத்தையும் மக்கள் குறைவாகவே உட்கொண்டனர். நிறத்துக்கு எங்கும் மாறாத பொருளுண்டு எனக் கொள்வது பொருந்தாது. அதன் பொருளைத் தருவது அவ்வவ் வீதியின் வரலாறேயாகும்.

மொழிநிரல் இவையனைத்தினும் கூர்மையான விடயமாகும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. வாகன இலக்கத்தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறிக்கப்பட்டதை எதிர்த்து வடக்கில் அது அழிக்கப்பட்டபோது, 1958இல் தெற்கிலே பெயர்ப்பலகைகளின் தமிழெழுத்துக்கள்மீது தார் பூசப்பட்டது. பலகையில் எழுத்தின் இடம் என்பது அன்று கடைக்காரரின் விருப்பாக இல்லாமல், அவர்தம் பாதுகாப்பைப் பற்றிய வினாவாயிற்று. 1983 ஜூலை 24ஆந் திகதி இரவு பொறளையில் மூண்ட வன்செயல் மறுநாள் வெள்ளவத்தை, தெஹிவளை உள்ளிட்ட பகுதிகளுக்கும் பரவியது. தமிழர் வீடுகளை அறிந்துகொள்ள வாக்காளர் பட்டியல் பயன்படுத்தப்பட்டதென்பது பலராலும் பதியப்பட்ட செய்தி. கடைகளை அறிவதற்கோ பட்டியல் வேண்டியதில்லை. பலகையின் எழுத்தே போதுமானதாயிருந்தது. அவ்வாண்டில் எரிந்த கடைகளோடு எத்தனையோ விலைப்பலகைகளும் கணக்கேடுகளும் அழிந்தன. இத்துறையில் ஆவணங்கள் அருகிக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகும் என்றும் விதித்தது. 1988இன் பதினாறாவது திருத்தம் அதனை விரிவுபடுத்தியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு சட்டத்தால் நிறுவப்பட்டது. இவை முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவன. தனியார் கடையின் பட்டியலுக்கு மொழிநிரல் விதிப்பனவல்ல. எனினும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என அரச பலகைகள் கொண்ட வரிசையைக் கடைகளும் பின்பற்றுவது இயல்பாயிற்று.

மும்மொழிப் பட்டியலை அமைப்பதில் தொழில்நுட்ப இடர்ப்பாடும் உண்டு. தமிழ்ச் சொற்கள் ஒற்றும் ஈற்று மகரமும் ஏற்றுப் பக்கவாட்டில் நீளுவதால் அகலம் வேண்டுவன. சிங்கள எழுத்து மேலும் கீழும் குறிகளை ஏற்பதால் வரிகளுக்கிடையே உயரம் வேண்டுவது. ஆங்கில எழுத்தோ சிறிய அளவிலும் படிக்கத்தக்கது. மூன்றுக்கும் ஒரே அளவு இடத்தை ஒதுக்கினால் தமிழே முதலில் நெருக்குண்ணும். இடம் போதாதென எழுத்தைச் சிறிதாக்கும் அமைப்பாளருக்குத் தீயநோக்கம் இல்லாதிருக்கலாம். ஆயினும் படிக்கமுடியாத தமிழ், இல்லாத தமிழுக்கு ஒப்பாகும்.

ஆனால் அதே பட்டியலை இடமிருந்து வலமாகப் படிப்பவர் பிறிதோர் உண்மையைக் காண்பர். தமிழில் ஆப்பம், சிங்களத்தில் 'ஆப்ப', இலங்கை ஆங்கிலத்தில் 'ஹொப்பர்'. இடியப்பம் 'இந்திஆப்ப'வாகின்றது, தோசை 'தோசே'யாகின்றது, பிட்டு இருமொழியிலும் பிட்டே. சைவக்கடை சிங்களப் பேச்சில் 'சைவர் கடே' எனவும் வழங்குவதுண்டு. எம்மொழி முதலில் நிற்பது என்று பூசலிட்டவர்களின் பட்டியலில், உணவின் பெயர்கள் தம்முள் உறவு பூண்டு நிற்கின்றன. வரிசை பிரித்ததைச் சொற்கள் சேர்த்துவைத்தன என்பது மிகையன்று.

மூன்று மொழிக்கும் மாறாது பொதுவாக நிற்பது விலையைக் குறிக்கும் எண் ஒன்றே. அதனை வலவோரத்தில் ஒரே நிரையாக அமைப்பது பழைய வழக்கம். இன்றைய வணிக ஆலோசகர் இதனை விலக்குவர்; உண்பவரின் கண் எண்களின்வழி இறங்கி மலிவானதைத் தேடும் என்பது அவர்தம் அச்சம். 2009இல் வெளியான கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்று, நாணயக் குறியின்றி எண்ணை மட்டும் கண்டவர்கள் கூடுதலாகச் செலவிட்டனர் எனக் காட்டியது. ஆனால் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிட்ட எழுதுவினைஞனுக்கும், இன்றைய பல்கலைக்கழக மாணவனுக்கும், மலிவானதைத் தேடும் உரிமை அற்பமானதன்று. 1950ஆம் ஆண்டின் விலைக்கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தை ஈற்றில் ஏற்ற 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விலையைத் தெளிவாகக் காட்சிப்படுத்துமாறு வணிகரைப் பணிப்பதும் இவ்வுரிமை கருதியேயாம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அத்தகைய காலத்தில் வண்ண அச்சினும் பழைய கரும்பலகையே நேர்மையான பட்டியலாகும்.

2020இன் பெருந்தொற்றுக்குப் பின்னர், கைத்தொலைபேசியாற் படிக்கும் கியூ.ஆர். குறிப் பட்டியல்களும் ஒளிரும் திரைகளும் பரவியுள்ளன. இவற்றில் இடநெருக்கடி இல்லை. மும்மொழியையும் ஒரே அளவில் தருவதற்குத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. இருந்தும், பெயர்ப்பலகையில் தமிழ் துலங்க, உள்ளே பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் அமைந்த கடைகள் காணப்படுகின்றன. ஒருகாலத்தில் தாரினால் மறைக்கப்பட்ட எழுத்து, இன்று தேவையில்லை என்னும் எண்ணத்தால் மறைகின்றது. முன்னையது பிறர் செய்தது. பின்னையது தமிழ்க் கடைக்காரரும் தமிழ் உண்போரும் சேர்ந்து இசைவது. பெயர்ப்பலகையிலுள்ள தமிழ் அடையாளம் மட்டுமே. பட்டியலிலுள்ள தமிழே பயன்பாடு. ஒருவர் தம் மொழியிற் படித்து, தம் மொழியிற் கேட்டு உண்பதற்கு வழிசெய்வது அதுவேயாம்.

ஆகவே உணவுப்பட்டியலை அமைப்போர் நிறங்களின் கவர்ச்சியை ஆராயுமுன்னர் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். இதனை யாவர் படிப்பர்? அவர்தம் உணவுமுறைக்கு இந்நிரல் ஏற்றதா? குறைந்த பணமுடையோன் கேளாமலே விலையை அறிவானா? வரலாற்று மாணவர்க்கோ வேறொரு கடமையுண்டு. தேய்ந்த விலைப்பலகையும் கறைபடிந்த அட்டையும் குப்பைக்குச் செல்லுமுன் அவற்றைத் திரட்டிக் காத்தல் வேண்டும். 1983இல் எரிந்தவற்றை மீட்க இயலாது. எஞ்சியிருப்பன கவனிப்பாரின்றி அழியாதிருத்தல் பல்கலைக்கழகங்களின் கையிலேயே உள்ளது.