கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய்மார்

இன்குபேட்டர் எப்படி வந்தது என்பதைச் செவிலியர் பயிற்சியிலேயே படித்துவிட்டோம். 1880 வாக்கில் பாரிஸ் மத்தெர்னிதே பிரசவ மருத்துவமனையின் டாக்டர் ஸ்தெஃபான் தார்னியே, உயிரியல் பூங்காவில் கோழி முட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதைச் செய்த ஒடில் மார்த்தேனிடமே குழந்தைகளுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். அடியில் வெந்நீர்த் தொட்டி, மேல்தட்டில் குழந்தைகள். இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்தக் கணக்கு 38 ஆக இறங்கியது. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை.

அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. தென்மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குறைமாதத்தில் பிறந்து பிழைத்துப் போன பிள்ளைகளை நினைத்தால், மருந்துக்கும் மெஷினுக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு வராந்தா பெஞ்சில் ஒருத்திக்கொருத்தி துணையாக உட்கார்ந்திருந்த தாய்மாருக்கும் உண்டு என்று அடித்துச் சொல்வேன். அவர்கள் பக்கத்து வரலாறும் இருக்கிறது. அங்கங்கே சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பாரிஸிலேயே அதைக் கவனித்தவர் தார்னியேயின் சீடர் பியேர் புதேன். பெட்டியில் வைத்த குழந்தையைப் பார்க்கத் தாய்க்கு வழியில்லாமல் போனால், நாளடைவில் அவள் வருவதையே நிறுத்திவிடுகிறாள் என்று அவர் எழுதினார். தாய் வந்து பால் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். உலகம் பெட்டியை எடுத்துக்கொண்டது, அவருடைய பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் அந்தப் பெட்டி பொருட்காட்சிக்கே போய்விட்டது. நியூயார்க்கின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து, பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கினார். அந்தப் பணத்தில்தான் சிகிச்சை நடந்தது. பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. பிள்ளையைக் காட்சிப் பொருளாக வைப்பதா என்று இன்று நமக்கு மனம் பதறுகிறது. ஆனால் வேறு கதியில்லாத பெற்றோர் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 1933இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியிலும் அவர் ஒரு கூடம் போட்டார். மறு வருடம் ஜூலையில், அங்கே பிழைத்த 58 குழந்தைகளையும் தாய்மாரோடு வரச்சொல்லி அழைத்தார். 41 குழந்தைகள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது குழந்தைகளைவிட அந்தத் தாய்மாரைத்தான் நினைத்துக்கொண்டேன். தன்னைப் போலவே பயந்து கிடந்த இன்னொருத்தியை, கொழுகொழுவென்ற பிள்ளையோடு பார்ப்பதற்குக் கிடைத்த நாள் அது.

பிறகு ஆஸ்பத்திரிகளிலேயே தனி வார்டுகள் வந்தன. தொற்றுப் பயத்தில் பெற்றோரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். பல வாரம் கழித்து, ஒருநாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். தொட்டே பார்க்காத பிள்ளை. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தாய்மாரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கை கழுவி உள்ளே போய்த் தொட்டதால் தொற்று அதிகமாகவில்லை என்று 1970இல் எழுதினார்கள். அதற்கப்புறமும் நம் ஊர்களில் அந்தக் கண்ணாடி நெடுங்காலம் நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாய்க்குக் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி. பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கதை திரும்பியது கொலம்பியாவில், 1978இல். தலைநகர் போகோட்டாவில் ஏழைப் பெண்கள் பிள்ளை பெறுகிற பெரிய ஆஸ்பத்திரி, இன்ஸ்டிட்யூட்டோ மத்தெர்னோ இன்ஃபாண்டில். இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டார்கள். ஒன்றுக்கு வந்த தொற்று பக்கத்துப் பிள்ளைக்கும் பரவியது. குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடும் தாய்மாரும் இருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் எட்கர் ரெய் சனாப்ரியா ஒரு முடிவெடுத்தார். மூச்சு நிலைப்பட்ட குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டுவது, தாய்ப்பால் கொடுப்பது, எடை கூடும்வரை காத்திராமல் வீட்டுக்கு அனுப்பி அடிக்கடி வரச்சொல்லிப் பார்ப்பது. அடுத்த வருடம் டாக்டர் எக்தோர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்தார். கங்காரு முறை என்று இன்று எங்கும் சொல்வது இதைத்தான்.

பணமில்லாத ஆஸ்பத்திரியின் கைவைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். யுனிசெஃப் இதைப் பரப்பத் தொடங்கியதும், 1985இல் பிரிட்டனிலிருந்து ஆண்ட்ரூ ஒயிட்லாவும் ஸ்லீத்தும் போய்ப் பார்த்துவிட்டு லான்செட் இதழில் கடுமையாக எழுதினார்கள். வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குத் தேறிய குழந்தைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் இறப்பு குறைவாகத்தானே தெரியும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நத்தாலி ஷார்பாக் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் 1993 முதல் 1996 வரை போகோட்டாவிலேயே 746 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆராய்ந்தார்கள். கங்காரு முறை வழக்கமான சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. அந்தக் குழந்தைகளில் சிலரை இருபது வயதில் தேடிப்பிடித்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மார்பில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, மூர்க்கமும் குறைவு.

இதையெல்லாம் டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். செவிலியர் கண்ணுக்குப் படுவது வேறொன்று. போகோட்டாவில் வீட்டுக்குப் போன தாய்மார் எடை பார்க்க வரும்போது ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிடவில்லை. எல்லாரும் ஒரே கூடத்தில், மார்பில் பிள்ளையோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒரு குழந்தையைப் பார்க்கையில் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் சந்தேகத்துக்கு இன்னொருத்தியின் பிள்ளையே பதில். இந்தக் கூடம் இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் துணிச்சல் பலித்திருக்காது என்பது என் முடிவு.

கிட்டத்தட்ட அதே சமயம், 1979இல், அன்று சோவியத் யூனியனில் இருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரில் டாக்டர் ஆதிக் லெவின் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். செவிலியர் போதவில்லை. தாய்மாரையே வார்டில் தங்கவைத்து இரவும் பகலும் பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் மனாமா மிஷன் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரே இல்லை. அங்கே டாக்டர் நீல்ஸ் பெர்க்மனும் மருத்துவச்சி அக்னெத்தா யூரிசூவும் பிறந்த கையோடு பிள்ளையைத் தாய் மார்பில் வைத்தார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்று பிழைத்த இடத்தில் ஐந்து பிழைத்தது. ஒன்றுக்கொன்று வெகுதூரத்து ஊர்கள். எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று பற்றாக்குறையான நாளில்தான் தாய்க்குக் கதவு திறந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

இந்தியாவில் இந்த முறை 1990களின் நடுவில் அகமதாபாத்திலும் மும்பையிலும் வேர்பிடித்தது. எங்கள் வார்டுக்கு அதற்குப் பிறகு வந்தது. நாலு சாய்வு நாற்காலி, ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நடந்ததை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துச் சின்னப் பெண் ஒருத்தி. பிள்ளை ஆயிரத்து நூறு கிராம். நானும் டாக்டரும் எவ்வளவு சொல்லியும் தொடமாட்டேன் என்றாள். கை பட்டால் தோல் உரிந்துவிடும் என்ற பயம். வீட்டில் வேறு, இவள் ஏதோ தின்றதால்தான் பிள்ளை முன்கூட்டிப் பிறந்துவிட்டது என்ற ஏச்சு. அடுத்த நாற்காலியில் வள்ளியூர்க்காரி. அவள் பிள்ளை தேறிக்கொண்டிருந்தது.

"எட்டாம் மாசப் பிள்ளை தங்காதுன்னு எங்க அத்தை சொல்லுதாங்க அக்கா."

"எம்பிள்ளையும் எட்டாம் மாசம்தான் பிள்ள. நேத்து இருபது கிராம் ஏறியிருக்கான். இங்க பாரு."

முந்தானையை விலக்கிக் காட்டினாள். பிள்ளை இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்ந்து கிடந்தது. தலையில் குல்லா, இடுப்பில் சின்னத் துணி, வேறொன்றும் இல்லை. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. "கழுத்து முன்னால மடங்கக் கூடாது, மூச்சு அடைச்சுக்கிடும். காலைத் தவளை மாதிரி அகட்டி மடக்கி வச்சுக்க. துண்டு காது வரைக்கும் ஏறணும்" என்று தன் துண்டை அவிழ்த்துக் கட்டிக் காட்டினாள். நாங்கள் சொன்ன அதே வார்த்தைகள்தான். அவள் வாயிலிருந்து வந்தபோதுதான் அந்தப் பெண்ணின் கை நீண்டது.

பாலாடையும் அப்படித்தான் கைமாறியது. உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைக்குக் குழாய் எடுத்தபின் நம் வீட்டுப் பாலாடையால்தான் புகட்டுகிறோம். இன்று இந்தியா முழுக்கப் பச்சிளங்குழந்தைகள் வார்டுகளில் அது இருக்கிறது. பால்புட்டியைவிடக் கழுவிக் கொதிக்கவைக்க எளிது. பிள்ளையின் தலையைச் சற்று உயர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் பட வைத்து, சொட்டுச் சொட்டாகச் சாய்த்து, விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமையைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவர்கள் தாய்மார்தான். முதல் நாள் பீய்ச்சினால் கிண்ணத்தின் அடி நனைகிற அளவுக்குத்தான் வரும். "எனக்கும் இவ்வளவுதான் வந்துச்சு, விடாம ரெண்டு மணிக்கொருக்கா பீய்ச்சு" என்று ஒருத்தி சொன்னால், மற்றவள் பால்மாவு கேட்க மாட்டாள். எடை பார்த்ததும் வார்டு முழுக்க ஒரே விசாரிப்பு, எத்தனை கிராம், எத்தனை கிராம் என்று. ஒரு பிள்ளைக்கு எடை இறங்கிவிட்டால் அன்று மற்றவர்கள் தங்கள் பிள்ளை ஏறியதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அந்த நாகரிகத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவளையும் அவர்கள்தான் தாங்கினார்கள். மார்பில் பால் கட்டி நெறி ஏறிக் கிடந்த ஒருத்தியின் தலைமாட்டில், தங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு முறைவைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட தாய் விரும்பினால் அவள் பால் வேறு பிள்ளைக்குப் போக இப்போது வழியிருக்கிறது. டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அவை வந்தன. முகம் தெரியாத ஒருத்தி இன்னொருத்தியின் பிள்ளையைக் காப்பாற்றுகிறாள்.

2021இல் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் 3,211 குழந்தைகள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்கள். நிலைப்படும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே தாய் மார்பில் வைத்தார்கள். தாய்க்கு முடியாத நேரத்தில் பாட்டியோ சித்தியோ ஏந்திக்கொண்டார்கள். அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குப் படுக்கை போட்டார்கள். இந்தியாவில் அது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள், வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7, இந்த முறையில் 12. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும் மற்ற குழந்தைகளுக்கு அதை மறுக்கக்கூடாது என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார அமைப்பு இதையே பரிந்துரையாக்கியது.

இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கிறார்கள். இவர்களில் எத்தனையோ பேரைப் பெற்றவர்கள் இன்னமும் வராந்தாவில் பாய் விரித்து, தையல் போட்ட வயிற்றோடு, உள்ளேயிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று கிடக்கிறார்கள். பிள்ளைக்குச் சூடு தரும் வார்மர் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதன் பக்கத்தில் ஒரு கட்டிலுக்கும், தாய்மார் சேர்ந்து உட்கார ஒரு கூடத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை முன்கூட்டிப் பிறந்தால், எத்தனை கிராம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தாய்க்குப் படுக்கை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.