ஔவை வேடம் பூண்ட இருவர்

தமிழ் நாடக வரலாற்றிலும் திரைப்பட வரலாற்றிலும் ஔவைப் பாட்டியின் வேடம் இருவருக்கே உரியதாக நிலைத்துவிட்டது. ஒருவர் ஆண், மேடையில் அவ்வேடத்தைப் பூண்டு, அப்பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றவர். மற்றவர் பெண், திரையில் அவ்வேடத்தை ஏற்று, இன்றும் தமிழர் மனத்தில் ஔவையின் முகமாகவே இருப்பவர். டி.கே. சண்முகம், கே.பி. சுந்தராம்பாள் ஆகிய இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். இருவரும் பால பருவத்தில் மேடை ஏறியவர்கள். தவத்திரு சங்கரதாச சுவாமிகள் வகுத்த நாடக மரபே இருவருக்கும் ஊற்றுக்கண். ஆயினும் அவர்கள் நடந்த பாதைகள் வேறு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடகக் கலைஞன் ஒருவனுக்கு வாழ்வளித்த முறைகள் இரண்டு. ஒன்று கம்பெனி நாடகம். சிறுவர்களைச் சேர்த்து, உண்டியும் உறையுளும் தந்து, பாட்டும் வசனமும் பயிற்றி, ஊர் ஊராகக் கொட்டகை அமைத்துத் திங்கள்கணக்கில் நாடகம் நிகழ்த்துவது. மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் நடிகர்கள் எந்தக் குழுவையும் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் அன்றைய இரவுக்கென்று அழைக்கப்படுவர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் எல்லார்க்கும் மனப்பாடம். மேடையில் நின்ற நிலையில் ஒருவரை ஒருவர் தர்க்கத்தாலும் பாட்டாலும் மடக்குவர். முன்னது கட்டுப்பாட்டின் கலை. பின்னது துணிவின் கலை. சண்முகம் முன்னதிலும் சுந்தராம்பாள் பின்னதிலும் வளர்ந்தனர். இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு இவர்களுடைய நடிப்பை ஒப்பிடுவது பயன் தராது.

சங்கரதாச சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஸ்திரீபார்ட் நடிகராக விளங்கிய கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களை அச்சபையில் சேர்த்தார். அவர்களுள் சண்முகம் அப்போது ஆறு வயதுச் சிறுவன். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியை நாடக உலகம் இன்றும் வியந்து பேசும். அபிமன்யுவாக மேடை ஏறியவர் சண்முகம். சுவாமிகள் தம் இறுதி நாள்களில் வாத நோயால் பேச்சிழந்து, 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். பாட்டாலும் உரையாடலாலும் பல நூறு நாவுகளுக்கு வாழ்வளித்தவர் பேச்சற்று முடிந்தது கொடுமையே. அவருக்குப்பின் அண்ணன் தம்பியர் நால்வரும் (சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி) 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்ற பெயரில் தம் சொந்தக் குழுவைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினர். உரிமையாளருள் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது வயது பதின்மூன்று!

பாலர் சபை நடிகனின் வாழ்வில் பெரும் இடர் ஒன்று உண்டு. அதனை மகரக்கட்டு என்பர். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது, அதுவரை சபையின் கண்ணாக இருந்தவன் ஒரே திங்களில் வேண்டாதவனாகிவிடுவான். மைக் என்னும் கருவி இல்லாத காலம். மூன்று கட்டை, நான்கு கட்டைச் சுருதியில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியாக வேண்டும். பள்ளிப்படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. குரல் திரும்பி வந்தவர்கள் ராஜபார்ட் ஆயினர். வராதவர்கள் பின்பாட்டுக்கும், சில்லறை வேடத்திற்கும், திரை இழுக்கவும் போயினர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. எம்.ஜி. இராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன் எனப் பாலர் சபைகள் தந்த பெரும்பெயர்களைப் பட்டியலிட்டு மகிழும் கட்டுரைகள் இந்தப் பெயரற்றோரை நினைப்பதில்லை.

சுந்தராம்பாள் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். தந்தையை இழந்த வறிய குடும்பம். இரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரலைக் கேட்டவர்கள் வியந்து, வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்த்தனர். நல்லதங்காள் நாடகத்தில் பசித்தழும் பிள்ளையாக அச்சிறுமி நடித்தாள். பசியை அறிந்த குழந்தைக்கு அங்கே ஒப்பனை வேறு தேவைப்பட்டிருக்காது. பெண்வேடத்தில் மட்டுமன்றி ஆண்வேடத்திலும் நடிக்க அங்கேதான் கற்றார். இலங்கையில் 1926இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து மேடை ஏறினார். அக்காலத்தில் தமிழ் மேடை கண்ட குரல்களுள் முதல்வரிசைக் குரல் கிட்டப்பாவுடையது. அவருக்கு ஈடுகொடுத்துப் பாட ஒரு பெண்ணால் இயலுமா என்று ஐயுற்றோர் பலர், இயன்றது. மேடை இணை வாழ்க்கை இணையும் ஆயிற்று. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், சாதியும் வேறு. அந்த மணத்தால் சுந்தராம்பாள் பெற்ற இன்பம் சிறிது, துன்பம் பெரிது. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு இருபத்தேழு வயதே நிறைந்திருந்தது. பேசும்படம் தமிழுக்கு வந்து ஈராண்டு கடந்திருந்தும் கிட்டப்பா திரையில் தோன்றவில்லை. இசைத்தட்டுகளில் மட்டும் அவர் குரல் எஞ்சிற்று.

இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளாடை உடுத்தார். மேடையில் எந்த ஆடவரோடும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஸ்பெஷல் நாடகத்தில் இணை நடிகர் இல்லாமல் ஒரு ஸ்திரீபார்ட்டுக்குப் பிழைப்பு ஏது? தொழிலின் வேரையே அறுக்கும் உறுதி அது. அவரை மீட்டது திரைப்படம். அதிலும் அவர் ஏற்றது பெண்வேடம் அன்று. 1935இல் அசன்தாஸ் தயாரித்த 'பக்த நந்தனா'ரில் நந்தனாராகவே நடித்தார். வேதியராக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இப்படத்திற்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் இந்தியத் திரையுலகில் யாரும் கேளாத தொகை. நடிக்க விருப்பமின்றி, மறுப்பதற்காகவே அத்தொகையைக் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் கூறுவர். காரணம் எதுவாயினும், கைம்மை பூண்ட பெண்ணொருத்தி தன் கலைக்குத் தானே விலை சொன்ன செயல் அது என்பதை மறுக்க இயலாது.

அதற்குப்பின் அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாக நோக்கின் ஓர் உண்மை புலப்படும். 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவையார், 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். துறவியரும் அடியாருமே இவர்கள். திரைப்படம் காதலையே பெரிதும் விற்றுப் பிழைத்த ஒரு தொழிலில், காதற்காட்சி ஒன்றும் இன்றி ஒரு நடிகை நாற்பதாண்டு நிலைத்து நின்றார். அவருக்கெனப் பாத்திரங்கள் தேடப்பட்டன. சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் அவருக்குக் கைகொடுத்தன. தமிழ் இலக்கியத்தில் துறவுநெறி நின்ற பெண்பாத்திரங்கள் இத்துணை இல்லாதிருப்பின் இந்தக் கலைஞரின் பிற்கால வாழ்வே இல்லை எனலாம்.

இனிச் சண்முகத்தின் ஔவையைக் காண்போர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். ஆண் பெண்வேடம் பூணுதல் நாடக மேடைக்குப் புதிதன்று. அவருடைய தந்தையே அதில் பெயர் பெற்றவர். ஆனால் ஸ்திரீபார்ட் என்பது இளமையையும் எழிலையும் காட்டும் வேடம். முப்பது வயதளவில், குழுவின் தலைமை நடிகராக இருந்த ஒருவர், கூன் விழுந்த மூதாட்டியாக ஒரு நாடகம் முழுவதும் நடிக்க முற்பட்டது முன்மாதிரி இல்லாத துணிவு. பி. எத்திராஜுலு எழுதிய 'ஔவையார்' நாடகத்தை டி.கே.எஸ். குழுவினர் 1940களின் தொடக்கத்தில் அரங்கேற்றினர். குரலை நடுங்கவிட்டும் நடையைத் தளர்த்தியும் காட்டுவது மட்டும் அன்று அதன் வெற்றி. அரசரிடையே தூது செல்லும் புலமையின் பெருமிதத்தை அந்தத் தளர்ந்த உடலுக்குள் அவர் நிறுத்திக் காட்டினார் என்று கண்டோர் போற்றினர். மக்கள் அவரை 'ஔவை' சண்முகம் என்றே அழைக்கலாயினர். பட்டமளிப்பு விழா ஒன்றும் இன்றி ஒட்டிக்கொண்ட பட்டங்களே நெடுநாள் வாழ்கின்றன.

எந்த ஔவை என்ற வினா இலக்கிய மாணவர்க்கு எழுவது இயல்பு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கச் சான்றோர் வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய பிற்காலப் புலவர் வேறு. ஔவையார் ஒருவரல்லர் என்பது ஆய்வுலகம் நெடுநாளாக அறிந்தது. மேடையும் திரையும் இவர்களை ஒருவராக்கி, நாட்டுப்புறக் கதைகளையும் சேர்த்துக் கட்டின. இதனை வரலாற்றுப் பிழை என்று தள்ளிவிடுதல் எளிது. எனினும் ஊர்மக்கள் நெஞ்சில் ஔவை அவ்வாறே ஒருவராக வாழ்ந்து வந்தார். நாடகக்காரர் அந்த நெஞ்சிலிருந்தே எடுத்தாண்டனர்.

ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் பல ஆண்டுகள் உழைத்து, பெரும்பொருட்செலவில் 'ஔவையார்' படத்தை 1953இல் வெளியிட்டார். குழந்தை ஔவையாக சச்சுவும், இளம்பெண் ஔவையாகக் குசலகுமாரியும் நடித்தனர். முதுமை வேண்டி இறைஞ்சியபின் தோன்றும் ஔவை சுந்தராம்பாள். அப்போது அவர்க்கு வயது நாற்பத்தைந்து. யானைக் கூட்டமும் கோட்டை இடிபாடும் கொண்ட பிரமாண்டம் அப்படத்தின் ஒரு பக்கம். ஆயினும் அவையெல்லாம் மறைந்து, கோலூன்றித் தனியே நடந்து பாடிச் செல்லும் உருவமே பார்ப்போர் நினைவில் நிற்கிறது. கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழக்கிய குரல் அது. ஒலிவாங்கியின் முன்னும் அவர் அதனைச் சிறுக்கவில்லை.

சண்முகம் திரையை முற்றிலும் ஒதுக்கியவர் அல்லர். 1935இலேயே டி.கே.எஸ். சகோதரர்கள் தம் 'மேனகா' நாடகத்தைப் படமாக்கி நடித்தனர். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் (1961) சுப்பிரமணிய சிவாவாகச் சண்முகம் தோன்றினார். ஆனால் திரையில் ஈட்டிய பெயரைக் கொண்டு மீண்டும் நாடகத்திற்கே திரும்பினார். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடியதற்கு இச்சகோதரர்களே முதன்மைக் காரணர். கல்கியின் 'கள்வனின் காதலி', நாரண துரைக்கண்ணனின் 'உயிரோவியம்', அரு. இராமநாதனின் 'இராஜராஜ சோழன்' எனத் தமிழ் எழுத்தாளர் படைப்புகளை மேடைக்குக் கொணர்ந்து, எழுத்தாளனை நாடகக்காரன் மதிக்கச் செய்தது இவர்கள் தொண்டு. சங்கரதாச சுவாமிகளின் வரலாற்றை நாடறியச் செய்ததிலும், 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலால் ஒரு காலத்து நாடக உலகையே பதிவுசெய்ததிலும் சண்முகத்திற்கு நிகர் அவரே. அந்நூல் இல்லையேல் பாலர் சபைகளின் உள்வாழ்வு பற்றி இன்று பேசுவதற்கு மிகக் குறைவாகவே இருக்கும். மத்திய அரசு 1970இல் சுந்தராம்பாளுக்கும் 1971இல் சண்முகத்திற்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இவ்விரு வாழ்வுகளையும் இணைக்கும் மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் ஏ.பி. நாகராஜன். சிறுவனாக டி.கே.எஸ். குழுவில் சேர்ந்து பெண்வேடங்களில் ஒளிர்ந்தவர். பின்னர்த் திரைக்கதை ஆசிரியராகி, இயக்குநரானவர். 1965இல் 'திருவிளையாடல்' படத்திலும் 1967இல் 'கந்தன் கருணை'யிலும் சுந்தராம்பாளை மீண்டும் ஔவையாக்கியவர் இவரே. சண்முகத்தின் சபையில் பயின்ற மாணவர், சுந்தராம்பாளுக்குத் திரையில் ஔவைக்கோலம் புனைந்தார். அப்படங்களில் உரையாடலை நடிகர்கள் நிறுத்திப் பேசும் அழகும், பாட்டோடு வாதிடும் முறையும் கம்பெனி மேடையும் ஸ்பெஷல் மேடையும் கலந்து பெற்ற பிள்ளை. நாடகத்தன்மை மிகுந்தது என்று திரைப்பட விமரிசகர் அவற்றைக் குறை கூறுவதுண்டு. அந்தத் தன்மை எத்தனை பேர் உழைப்பில் விளைந்தது என்பதை அறிந்தபின் அக்குறையைச் சற்று மெல்லச் சொல்லலாம்.

சண்முகத்தின் ஔவையை இன்று காண வழியில்லை. புகைப்படங்களும் கண்டோர் எழுத்தும் மட்டுமே உள. ஒவ்வோர் இரவும் தோன்றி ஒவ்வோர் இரவும் அழிந்தது அக்கலை. சுந்தராம்பாளின் ஔவையோ 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு வீட்டுக் கூடங்களுக்குள்ளும் புகுந்தது. அவரை மேடையில் கண்டிராத இரண்டு தலைமுறைக் குழந்தைகள் பழம் நீ என்று முருகனைப் பாடி அமைதிப்படுத்தும் பாட்டியாகவே அவரை அறிந்தனர். கருவி ஒருவரைக் காத்தது, மற்றவரைக் காக்கவில்லை. இருவருள் யார் சிறந்த ஔவை என்று தீர்ப்புச் சொல்ல முற்படுவோர் ஒரு தரப்புச் சான்றை மட்டுமே கையில் வைத்திருக்கின்றனர்.

1973 பிப்ரவரியில் சண்முகம் மறைந்தார். அவர்தம் குழு மேடையில் வளர்த்த 'இராஜராஜ சோழன்', நாகராஜன் இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக அடுத்த திங்களில் வெளிவந்தது. சுந்தராம்பாள் 1980இல் மறைந்தார். சென்னை லாயிட்ஸ் சாலை இன்று ஔவை சண்முகம் சாலை. கமல்ஹாசன் இளமையில் டி.கே.எஸ். குழுவில் பயின்றவர், 1996இல் பெண்வேடமிட்டு நடித்த தம் படத்திற்கு 'ஔவை சண்முகி' என்று பெயரிட்டார்.