பழைய பரசூட்டை யார் நம்புவது?

போன வருசம் அமெரிக்காவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கறுப்பும் நீலமுமாக ஒரு பை. பள்ளிக்கூடப் பையை விடக் கொஞ்சம் தடிப்பு, தோளுக்கும் தொடைக்கும் பட்டிகள். "பாவிச்ச பரசூட் ரிக். ஒன்லைனில போட்டிருக்கினம். குறைவாத்தான் பாவிச்சதாம், ஒரு பிழையும் இல்லையாம். வாங்கட்டோ?"

அண்ணா அதற்கு முந்தின கோடையில்தான் விமானத்திலிருந்து குதிக்கப் பழகி, தனியாகக் குதிப்பதற்கான அனுமதி எடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுப்பது கட்டுப்படியாகவில்லை, புதுசு வாங்கக் காசும் இல்லை. எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதினேன். "நீ ஹிஸ்ட்ரிதானே படிக்கிறாய்? இதுவும் பழைய சாமான்தானே" என்று பதில் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவவுக்குப் பரசூட் என்றால் ஒரே ஒரு நாள்தான்: 1987 ஜூன் 4. இந்திய விமானப்படையின் அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப் பொதிகளைப் பரசூட்டில் போட்ட 'பூமாலை' நடவடிக்கை. "அந்தச் சண்டைச் சாமானை விளையாடவோ வாங்குறான்? அதுவும் ஆரோ பாவிச்சதை?" என்று கேட்டா.

அண்ணா பகிடிக்குச் சொன்னாலும், அம்மா கேட்டது நல்ல வரலாற்றுக் கேள்வி. சண்டைச் சாமான் எப்படி விளையாட்டுச் சாமான் ஆனது? முன்பின் தெரியாத ஒருவர் பாவித்ததை நம்பி இன்னொருவர் எப்படி விமானத்திலிருந்து குதிக்கிறார்? தேடத் தொடங்கினேன். தேடியதில் விளங்கியது இதுதான்: இந்த விளையாட்டே பழைய சாமானில்தான் தொடங்கியது. அதனால் பழைய சாமானை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு அவர்கள் நூறு வருசமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ரிக் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அது ஒரு பொருள் அல்ல, நாலு பொருள். உடம்போடு கட்டும் பட்டிகளும் பையும் ஒன்று. வழமையாக விரிக்கும் மெயின் பரசூட் இரண்டாவது. அது பிழைத்தால் விரிக்கிற ரிசர்வ் மூன்றாவது. குதித்தவர் மயங்கிப்போனாலோ நேரத்தை மறந்தாலோ ரிசர்வைத் தானாகத் திறக்கிற சின்னக் கருவி நாலாவது. நாலுக்கும் வேறு வேறு தொடர் இலக்கம், வேறு வேறு பிறந்த திகதி. பை 2012 இல் செய்ததாக இருக்கும், அதற்குள் இருக்கும் ரிசர்வ் 1990களில் தைத்ததாக இருக்கலாம். யப்பானிலிருந்து இறக்கிய ரீகண்டிஷன் வாகனம் வாங்கப் போகும்போது ஏலத் தாளைக் காட்டச் சொல்லி நிற்போமே, அப்படி இங்கே நாலு தாள் கேட்க வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1919 ஏப்ரல் 28, ஓஹியோ மாநிலத்தின் டேற்றன் நகருக்குப் பக்கத்தில் உள்ள மக்குக் ஃபீல்ட் விமானத்தளம். லெஸ்லி இர்வின் என்பவர் முதுகில் ஒரு பையோடு விமானத்திலிருந்து குதித்து, விழுந்துகொண்டிருக்கும்போதே தன் கையாலே வடத்தை இழுத்துப் பரசூட்டை விரித்தார். அதற்கு முதல், அப்படி விழுகிற மனிதன் நினைவிழந்து விடுவான், கையால் இழுக்க முடியாது என்று பலர் நம்பியிருந்தார்கள். இர்வினுக்குத் தரையில் இறங்கும்போது கணுக்கால் முறிந்தது, ஆனால் நினைவு தப்பவில்லை. 1922 ஒக்டோபரில் அதே தளத்தில் ஹரோல்ட் ஹரிஸ் என்ற விமானி, வானத்தில் உடைந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து இந்த வகைப் பரசூட்டில் குதித்து உயிர் தப்பினார். அந்த வருசமே 'கம்பளிப்பூச்சிக் கழகம்' தொடங்கியது. பரசூட்டால் உயிர் பிழைத்தவர்கள்தான் அதன் அங்கத்தவர்கள். கம்பளிப்பூச்சி என்பது பட்டுப்புழுவுக்கு வைத்த பெயர், ஏனென்றால் அந்தக் காலத்துப் பரசூட் பட்டுத்துணி.

பட்டின் பெரும்பகுதி யப்பானிலிருந்து வந்தது. 1941 இல் யப்பானோடு யுத்தம் வந்ததும் அந்த வழி அடைபட்டது. மாற்றாக வந்தது நைலோன். 1942 ஜூன் 6, கனெற்றிக்கட் மாநிலத்தின் ஹாட்ஃபோர்ட் நகரில் அடலின் கிரே என்ற பெண் நைலோன் பரசூட்டோடு குதித்தார். மனிதர் ஒருவர் நைலோனை நம்பிக் குதித்தது அதுவே முதல் தடவை. அவர் பயனியர் என்ற பரசூட் கொம்பனியில் வேலை செய்தவர், பரசூட் மடிக்க அனுமதி பெற்றவர். இப்படி மடித்து, சோதித்து, திருத்துகிற தொழிலாளிக்கு 'ரிகர்' என்று பெயர். புதுத் துணி தாங்குமா என்ற கேள்விக்கு, அந்தத் தொழில் தெரிந்தவரே குதித்துப் பதில் சொன்னார்.

யுத்தம் முடிந்ததும் பரசூட்டுகள் மலைமலையாக மிஞ்சின. துணிக்குத் தட்டுப்பாடாக இருந்த நாடுகளில் அவை சட்டையாகவும் கல்யாண உடுப்பாகவும் மாறின. வோஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு உடுப்பு இருக்கிறது. குளோட் ஹென்சிங்கர் என்ற விமானி 1944 இல் சீனாவுக்கு மேலே குதித்து உயிர் தப்பிய அதே பரசூட்டின் நைலோனில், 1947 இல் அவருடைய மணப்பெண்ணுக்குத் தைத்தது.

மிச்சத்தில் ஒரு பகுதி குதிக்க ஆசைப்பட்டவர்களின் கைக்குப் போனது. அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்த விளையாட்டை ஒரு கொம்பனி திட்டம் போட்டுத் தொடக்கவில்லை. மலிவாகக் கிடைத்த இராணுவ மிச்சம் அதைத் தொடக்கியது. 1946 இல் அமெரிக்காவில் உருவான குதிப்போர் சங்கத்தின் பெயரே 'தேசியப் பரசூட் குதிப்போர் - ரிகர்கள்' என்று இருந்தது. குதிக்கிறவரும் மடிக்கிறவரும் ஒரே பெயருக்குள். இன்றைய அமெரிக்கப் பரசூட் சங்கம் அதிலிருந்து வந்ததுதான்.

இராணுவப் பரசூட் வட்டக் குடை. காற்று கொண்டுபோன பக்கம் போகும். விளையாட்டுக்காரர்கள் அதன் பின்பக்கத் துணியில் சில துண்டுகளை வெட்டி எடுத்தார்கள். அந்த ஓட்டையால் காற்று வெளியேற, குடை முன்னுக்கு நகரும், திருப்பவும் முடியும். அதாவது முதல் தலைமுறை விளையாட்டுப் பரசூட் என்பது பாவித்த இராணுவச் சாமானைக் கத்தரிக்கோலாலும் தையல் மெசினாலும் மாற்றியது. 1957 இல் ஜாக் இஸ்டெல், லூ சான்போர்ன் என்ற இருவர் இதைப் பழக்குவதற்கு ஒரு கொம்பனி தொடங்கி, 1959 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஒரேஞ் என்ற ஊரில் ஒரு நிலையம் திறந்தார்கள். 1962 இல் உலகப் போட்டியே அங்கே நடந்தது. ஆமிக்காரர் இல்லாத, சாதாரண வேலை செய்கிறவர்களும் மாணவர்களும் குதிக்க வரத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

அடுத்த இருபது வருசத்தில் சாமான் முழுக்க மாறியது. டொமினா ஜல்பேர்ட் என்ற பட்டம் செய்கிறவர் 1960களில் கண்டுபிடித்த, காற்று நிரம்பி இறக்கை போலாகும் சதுரத் துணி வட்டக் குடையைத் தள்ளியது. 1970களில் பில் பூத் என்பவர் மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து ஒரு பூட்டு செய்தார். பிழைத்த மெயினைக் கழற்றிவிட முதல் ஒவ்வொரு தோளிலும் உள்ள கொளுக்கியோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போது ஒரு கைப்பிடியை இழுத்தால் இரண்டு பக்கமும் கழன்றுவிடும். இன்றைக்கு விற்பனைக்கு வருகிற எந்த ரிக்கின் தோளிலும் அந்த மூன்று வளையத்தைப் பார்க்கலாம்.

இதனால் பாவித்த சாமானின் அர்த்தமும் மாறியது. முந்தி பாவித்தது என்றால் அரசாங்கத்தின் மிச்சம், எல்லாம் ஒரே மாதிரி. இப்போது பாவித்தது என்றால் இன்னொரு ஆளின் சாமான். அவர் எப்படி வைத்திருந்தார், வெயிலில் காயவிட்டாரா, கடற்கரை மணலில் இறங்கினாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அண்ணாவுக்கு வந்த "ஒரு பிழையும் இல்லையாம்" என்ற வசனத்தின் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

அந்த வசனம் எவ்வளவு பலவீனமானது என்று 1980களின் நடுப்பகுதி காட்டியது. அந்தக் காலத்தில் செய்த சில வட்ட ரிசர்வ்களில் பொருத்திய வலைத்துணியில் அமிலத்தன்மை இருந்தது. மடித்து வைத்திருக்கும்போது அந்த வலை நைலோனோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், மெல்ல மெல்ல நைலோனை அரிக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, துணி புதுசு போலவே இருக்கும். புரோமோகிரீசோல் பச்சை என்ற சாயத்தைத் தொட்டு அமிலம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு துணியைக் கவ்விகளால் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் ரிகர்கள் கண்டுபிடித்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் ரிசர்வ் விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்கிறது "ஒருக்காலும் விரிக்கேல்லை" என்பது. ஒருக்காலும் விரிக்காத ரிசர்வ்தான் அந்த வலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. விற்றவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது. நேர்மையான ஆளின் சொல்லும் போதாது என்பதுதான் அந்தச் சம்பவத்தின் பாடம்.

சட்டமும் இப்படித்தான் வளர்ந்தது. அமெரிக்காவில் மெயினைக் குதிக்கிறவரே மடிக்கலாம். ரிசர்வை அனுமதி பெற்ற ரிகர் மட்டும்தான் மடிக்கலாம். மடித்து முடிந்ததும் சிவப்பு நூல் கட்டி, தனக்குரிய அடையாளம் பதித்த ஈய முத்திரை வைப்பார். ஒரு அட்டையில் திகதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். நைலோன் ரிசர்வை முந்தி 120 நாளுக்கு ஒருக்கால் திறந்து பார்த்து மடிக்க வேண்டும், 2008 இல் அதை 180 நாளாக்கினார்கள். பட்டு என்றால் இன்றும் 60 நாள்தான். ஆம், பட்டு பற்றிய வரி இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. சட்டம் பழசை லேசில் மறக்காது.

1991 இல் ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் உருவாக்கிய சைப்ரஸ் கருவி வந்தது. ஆள் தாழ்வான உயரத்திலும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது ரிசர்வைப் பூட்டி வைத்திருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும். முதல் சைப்ரஸுக்கு நாலாம் வருசமும் எட்டாம் வருசமும் செய்தவர்களிடம் அனுப்பிச் சோதிக்க வேண்டும். ஏறக்குறைய 12 வருசத்தில் ஆயுள் முடிந்துவிடும், நன்றாக வேலை செய்தாலும் கழற்றத்தான் வேண்டும். இங்கே விற்பவரின் சொல்லுக்கு இடமே இல்லை. திகதி பேசும்.

இதையெல்லாம் வாசித்த பிறகு அண்ணாவுக்கு ஒரு நீண்ட வொய்ஸ் மெசேஜ் போட்டேன். கம்பஸில் எங்களுக்கு முதலாம் வருசத்திலேயே சொல்லித்தருவது: ஒரு ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வராதே. விற்பவர் சொல்வது வாய்மொழி. அட்டை ஆவணம். துணி தொல்பொருள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆயிரம் தரம் குதித்ததை நூறு என்று ஒருவர் சொல்லலாம், ஆனால் கயிறுகள் சொல்லிக்கொடுத்துவிடும். ஸ்பெக்ட்ரா என்ற நாரில் செய்த கயிறுகள், ஒவ்வொரு முறை விரியும்போதும் உரசுகிற சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குமாம். எல்லாம் ஒரே அளவாகவும் சுருங்காது. ரிகர் அளந்து பார்த்தால் கதை தெரிந்துவிடும். அதனால் காசு கைமாற முதல் ரிக் ஒரு ரிகரிடம் போக வேண்டும், அதுவும் விற்பவருடைய ஆள் அல்லாத ரிகரிடம்.

இன்னொன்று, விளம்பரத்தில் இருந்த மெயின் 150 சதுர அடி. அண்ணாவின் எடையும் சாமான் எடையும் சேர்த்து 185 பவுண்ட். பிரித்தால் ஒரு சதுர அடிக்கு 1.2 க்கு மேலே வரும். புதிதாகக் குதிக்கிறவர்களுக்கு 1 ஐத் தாண்டாதே என்பதுதான் பொதுவான அறிவுரை. துணி சின்னதானால் வேகம் கூடும், தரையில் இறங்கும்போது சின்னப் பிழைக்கும் பெரிய விலை. ஒரு பிழையும் இல்லாத பரசூட்டின் கீழேயே ஆட்கள் செத்திருக்கிறார்கள். சாமானில் பிழை இல்லை என்பதும் அது உனக்குப் பொருந்தும் என்பதும் ஒன்றல்ல.

அண்ணா விற்பவரிடம் அட்டையின் படம் கேட்டார். வரவில்லை. தன் ரிகரிடம் அனுப்பச் சொன்னார். "வேற ரெண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கினம், முதல்ல காசு" என்று பதில். விட்டுவிட்டார். இன்னும் நாலு மாதம் வாடகைக்கே எடுத்துக் குதித்தார். பிறகு 190 சதுர அடி மெயினோடு ஒரு ரிக் கிடைத்தது. நிறம் மங்கினது, படத்தில் வடிவே இல்லை. ஆனால் அட்டையில் ஒவ்வொரு திகதியும் இருந்தது, ரிகர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் காசு போனது.

அந்தப் படத்தையும் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தா. நிறத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"இதை மடிச்சது ஆராம்?" என்றுதான் கேட்டா.