சாதன இயக்கிக் கோளாறு

சாதன இயக்கிக் கோளாறு என்பது, ஒரு வன்பொருளை இயங்குதளத்துடன் இணைக்கும் நிரலில் நேரும் பிழையால் கணினி முழுவதும் செயலிழந்து நிற்பதைக் குறிக்கும். இந்நிரல் சாதன இயக்கி எனவும் பேச்சுவழக்கில் டிரைவர் எனவும் அழைக்கப்படுகிறது. திரையட்டை, ஒலியட்டை, வலையட்டை, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கி உண்டு. விண்டோசில் இக்கோளாறு நேர்ந்தால் நீலத் திரை தோன்றிக் கணினி தானாகவே மீண்டும் தொடங்கும். 2025 ஆம் ஆண்டு விண்டோஸ் 11 இல் இத்திரையின் நிறம் கறுப்பாக மாற்றப்பட்டது. அடிக்கடி நின்றுபோகும் கணினியில் முதலில் சந்தேகிக்கப்படுவது இயக்கியே ஆயினும், அச்சந்தேகம் பல வேளைகளில் பிழையாகிவிடுகிறது.

காரணம்

சொற்செயலி, உலாவி போன்ற பயன்பாட்டு மென்பொருள்களுள் ஒன்று செயலிழந்தால் அது மட்டுமே மூடப்படும். ஆனால் இயக்கிகளுள் பல, இயங்குதளத்தின் உட்பகுதியான கருனியின் நிலையிலேயே இயங்குகின்றன. தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை அத்தகைய இயக்கி ஒன்று அணுகினால், தரவுகள் மேலும் சிதையாதிருக்க இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

விண்டோஸ் எக்சுப்பியில் அக்காலத்தில் பதிவான செயலிழப்புகளுள் 85 விழுக்காடு இயக்கிகளால் நேர்ந்தவை என வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2003 ஆம் ஆண்டுக் கட்டுரை குறிப்பிடுகிறது. பிற்காலக் கணினிகளுக்கு இவ்விகிதத்தை அப்படியே பொருத்துதல் கூடாது. விண்டோஸ் விசுட்டா முதல், பதிலளிக்காத திரையட்டை இயக்கியை மட்டும் மீண்டும் தொடங்கும் வசதி வந்தது. அதன் 64 பிட் பதிப்பில், கருனி நிலை இயக்கிகளுக்கு எண்ணிமக் கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டது.

கண்டறிதல்

பழுதுபார்க்கும் கடைகளில் இக்கோளாறுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, வன்தட்டைப் பார்மட் செய்து விண்டோசை மீண்டும் நிறுவுவதாகும். இதனால் மாணவரின் செயல்திட்ட அறிக்கையோ ஒளிப்படக் கலைஞரின் திருமணப் படங்களோ அழிந்துபோகக்கூடும். குறை வன்பொருளில் இருப்பின், அவற்றை இழந்த பின்னும் கோளாறு தொடரும். எனவே முதற்பணி கோப்புகளுக்குப் படி எடுப்பதே. இன்றியமையாத இயக்கிகளை மட்டும் ஏற்றும் சேஃப் மோடு இதற்கு உதவும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் சிப்ட் விசையை அழுத்தியவாறு ரீசுடார்ட் கொடுத்து, தோன்றும் பட்டியல் வழியாக இதனுள் செல்லலாம். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை முன்னரே எடுத்து வைத்திருத்தல் வேண்டும்.

சேஃப் மோடில் மணிக்கணக்கில் நிற்காமல் இயங்கும் கணினி, வழக்கமான முறையில் நின்றுபோகுமாயின், இயக்கியின் மீதான ஐயம் வலுப்பெறும். உறுதிசெய்யச் சான்று தேவை. ஒவ்வொரு செயலிழப்பின்போதும் விண்டோஸ் கோப்புறையிலுள்ள மினிடம்ப் என்னும் உட்கோப்புறையில் ஒரு சிறு கோப்பு பதிவாகும். மைக்ரோசாப்டு இலவசமாக வழங்கும் விண்டிபக் மென்பொருளில் அதனைத் திறந்தால் நிறுத்தக் குறியீடும் ஐயத்திற்குரிய இயக்கியின் பெயரும் கிடைக்கும். ஒரே ஒரு பதிவைக் கொண்டு முடிவுக்கு வருதல் ஆகாது. ஓர் இயக்கி சிதைத்த நினைவகத்தை மற்றோர் இயக்கி படிக்கும்போது, பின்னதன் பெயரே பதிவாவதுண்டு. நான்கைந்து பதிவுகளிலும் ஒரே குறியீடும் ஒரே பெயரும் திரும்ப வந்தால், அவ்வியக்கியைச் சாதன மேலாளரில் ரோல் பேக் செய்து முந்தைய பதிப்புக்கு மாற்றலாம். அல்லது உற்பத்தியாளர் தளத்திலிருந்து புதிய பதிப்பை நிறுவலாம். எல்லா இயக்கிகளையும் தானே புதுப்பிப்பதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களைத் தவிர்த்தல் நலம்.

ஒவ்வொரு முறையும் வேறு குறியீடும் வேறு பெயரும் வருமாயின் நினைவகச் சில்லையே முதலில் சோதிக்க வேண்டும். இதற்கு மெம்டெசுட்86 என்னும் மென்பொருள் பயன்படுகிறது. அதனை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுதல் நன்று. 124 என்னும் குறியீடு பெரும்பாலும் வன்பொருட் பழுதையே காட்டும்.

வட்டாரச் சூழல்

வன்பொருட் பழுது இயக்கிக் கோளாறு போலத் தோற்றமளிப்பதற்குத் தென்காசி, குற்றாலம் பகுதியின் பருவநிலை நல்ல எடுத்துக்காட்டாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றால் சூன் முதல் ஆகத்து வரை இங்குச் சாரல் காலமாகும். அப்போது மழை இல்லாத வேளையிலும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கணினிப் பெட்டிக்குள் படிந்த தூசி இவ்வீரத்தை உறிஞ்சும்போது நினைவகச் சில்லின் தொடுமுனைகளில் இணைப்பு தளரக்கூடும். மின்சாரத்தை நிறுத்திச் சில்லைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தியதும் சரியாகும் கணினிகள் பல. காற்றில் மரக்கிளைகள் கம்பியில் உரசி நொடிப்பொழுது மின்தடை ஏற்பட்டாலும், யுபிஎசின் மின்கலம் பழையதாக இருப்பின் கணினி சட்டென மீண்டும் தொடங்கும். இவ்வாறு நேரும்போது நீலத் திரை தோன்றாது, மினிடம்ப் கோப்பும் உருவாகாது. இதுவே வேறுபடுத்தி அறியும் வழி. சாரல் காலத்தில் மட்டும் நின்று கோடையில் ஒழுங்காக ஓடும் கணினியில் இயக்கியைக் குறைகூற இயலாது. நிரலுக்குப் பருவம் தெரியாது.

2024 சூலை நிகழ்வு

உலகளவில் மிகப் பெரிய இயக்கிக் கோளாறு 2024 சூலை 19 அன்று நிகழ்ந்தது. கிரவுட்சுட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு ஒரு தரவுக் கோப்பை வெளியிட்டது. நிரல் 20 உள்ளீடுகளை மட்டுமே வழங்க, புதிய கோப்பு 21 ஆவது உள்ளீட்டையும் ஒப்பிடக் கோரியது. இயக்கி எல்லை கடந்த நினைவக இடத்தைப் படிக்க முயன்றதால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. கணினி தொடங்கும்போதே ஏற்றப்படும் இயக்கியாதலால் அவற்றுட் பல மீண்டும் மீண்டும் நின்றுபோயின. இந்திய விமான நிலையங்களிலும் பயணிகள் பதிவு தடைப்பட்டது. போர்டிங் பாசுகள் சில இடங்களில் கையால் எழுதித் தரப்பட்டன.

10.57 மணிக்கே கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் ஏற்கனவே நின்றுபோன கணினிகளுள் பலவற்றில், ஒருவர் நேரில் சென்று சேஃப் மோடில் நுழைந்து அக்கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. குறியாக்கம் செய்யப்பட்ட கணினிகளில் மீட்புக் குறியீடு கிடைக்கும்வரை அதுவும் இயலவில்லை.