எண்ணும் நிதியும் எல்லையும்: மினசோட்டாவின் ஹெனப்பின் கவுன்டிச் சாலைகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 87 கவுன்டிகள் உள்ளன. கவுன்டி என்பது மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர் குழு அதை நடத்துகிறது. ஒவ்வொரு கவுன்டியும் தன் சாலைகளுக்குத் தானே எண் வைத்துக்கொள்கிறது. மினியாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெனப்பின், மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகுந்த கவுன்டி. 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12.8 லட்சம் பேர் அங்கு வாழ்கின்றனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தட மைல் (சாலையின் நீளத்தைத் தடங்களின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவு) கொண்ட சாலைகளை அது பராமரிக்கிறது.

சாலை எண் என்பது வழி காட்டுவதற்கான குறி என்பதே பொதுக் கருத்து. ஹெனப்பினின் சாலைத் தொகுதியை ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படுகிறது. அங்கே எண் முதலில் பொறுப்பையும் நிதியையும் குறிக்கிறது. வழிகாட்டுதல் அதற்கு அடுத்த பணியே. எண்களில் காணப்படும் ஒழுங்கு, ஒழுங்கின்மை இரண்டுக்கும் காரணம் இதுதான். நிதியைப் பொதுவாகவும் எண்ணை உள்ளூர் உரிமையாகவும் வைத்த மினசோட்டாவின் ஏற்பாடு அடிப்படையில் சரியானது. அதன் குறை கவுன்டி எல்லைகளில் மட்டுமே வெளிப்படுகிறது. அக்குறை திருத்தக் கூடியது. இவை இக்கட்டுரையின் முடிவுகள்.

நிதி ஏற்பாட்டின் பிறப்பு

மினசோட்டாவின் சாலைக் கட்டமைப்பை இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்கள் உருவாக்கின. முதலாவது 1920-இல் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்ட சார்லஸ் பாப்காக்கின் பெயரால் அது அறியப்படுகிறது. மாநிலம் முழுவதையும் இணைக்கும் 70 முதன்மைப் பாதைகளை அரசியலமைப்பிலேயே வகுத்து, அவற்றை மாநில அரசின் பொறுப்பில் வைத்தது அத்திருத்தம். நகரங்கள் இணைந்தன. ஆனால் பண்ணையிலிருந்து சந்தைக்கும், கிராமத்திலிருந்து பள்ளிக்கும் செல்லும் சாலைகள் அந்த 70 பாதைகளுக்கு வெளியே இருந்தன.

1956-இல் மக்கள் ஏற்ற இரண்டாவது திருத்தம் இந்த இடைவெளியை நிரப்பியது. சாலைப் பயனாளரிடமிருந்து பெறும் வரிகள் ஒரே நிதியில் சேர வேண்டும் என்றும், அது மூன்று அடுக்குச் சாலைகளுக்கும் நிலையான விகிதத்தில் பிரிய வேண்டும் என்றும் அது விதித்தது. எரிபொருள் வரி, வாகனப் பதிவு வரி, பிற்காலத்தில் சேர்ந்த வாகன விற்பனை வரியின் ஒரு பங்கு ஆகியவை இந்நிதியின் ஊற்றுகள். இதில் 5 விழுக்காடு தனியே ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய 95 விழுக்காட்டை நூறு பங்காகக் கொண்டால், அதில் 62 பங்கு மாநில முதன்மைச் சாலைகளுக்கும், 29 பங்கு கவுன்டிச் சாலைகளுக்கும், 9 பங்கு நகராட்சிச் சாலைகளுக்கும் செல்கிறது. சட்டமன்றம் 1957-இல் இதற்கான நடைமுறைச் சட்டத்தை இயற்றியது.

இவ்விகிதம் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருப்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஆண்டுதோறும் மாறும் வரவு செலவுத் திட்டத்தின் தயவில் கவுன்டிகள் நிற்க வேண்டியதில்லை. ஆட்சி மாறினாலும் 29 பங்கு மாறாது. பல ஆண்டுகள் நிற்கும் பாலத்தையும் சாலைப் படுகையையும் திட்டமிடும் பொறியாளருக்கு இந்த உறுதியை விடப் பெரிய உதவி வேறில்லை.

பங்கீட்டு விதியும் சாலைத் தேர்வும்

கவுன்டிகளுக்கான தொகை 87 கவுன்டிகளுக்கும் எப்படிப் பிரிகிறது என்பது அடுத்த கேள்வி. நெடுங்காலமாக நிலவும் அடிப்படை வாய்பாட்டின்படி 10 விழுக்காடு எல்லாக் கவுன்டிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. 10 விழுக்காடு பதிவான வாகனங்களின் எண்ணிக்கையையும், 30 விழுக்காடு சாலைகளின் தட மைல் அளவையும், 50 விழுக்காடு மதிப்பிடப்பட்ட கட்டுமானத் தேவையையும் பொறுத்தது. வாகனம் மிகுந்த ஹெனப்பினும் மக்கள் குறைந்த வடபுலக் கவுன்டிகளும் முதற்பங்கில் சமம். சாலை நீளமும் தேவையும் பிற்பங்குகளில் பேசுகின்றன. 2008-இல் வரி உயர்ந்தபோது, கூடுதல் வருவாய்க்குத் தனி வாய்பாடு வந்தது. அதில் வாகன எண்ணிக்கைக்கு 40, தேவைக்கு 60 என்ற விகிதம் ஏற்கப்பட்டது. இதனால் மக்கள் நெருக்கமுள்ள கவுன்டிகளின் குரலுக்கு முன்பை விடக் கூடுதல் எடை கிடைத்தது.

ஒரு கவுன்டியின் எல்லாச் சாலைகளும் இந்த நிதிக்கு உரியவை அல்ல. மாநில உதவி பெறும் கவுன்டி நெடுஞ்சாலை எனத் தனியே அறிவிக்கப்பட்டவை மட்டுமே உரியவை. மாநிலம் முழுவதும் இவற்றின் நீளம் சுமார் 30,000 மைல். மாநில அரசின் முதன்மைச் சாலைகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மற்ற கவுன்டிச் சாலைகளைக் கவுன்டி பெரிதும் தன் சொத்து வரி போன்ற சொந்த வருவாயிலிருந்தே பேண வேண்டும்.

எந்தச் சாலை உதவிக்கு உரியது என்பதற்கு விதிகள் உண்டு. அது ஒப்பீட்டளவில் மிகுதியான போக்குவரத்தைத் தாங்க வேண்டும். அல்லது ஊர்களையும் சந்தைகளையும் சரக்கேற்றும் இடங்களையும் இணைக்க வேண்டும். அல்லது ஊர்ப்புறப் பள்ளி, தேவாலயம், பொழுதுபோக்கிடம் ஆகியவற்றுக்கு வழி தர வேண்டும். அஞ்சல் வண்டியும் பள்ளிப் பேருந்தும் செல்லும் தடமாக இருப்பதும் தகுதியே. இவற்றோடு, சாலைகள் ஒன்றோடொன்று பொருந்திய வலையாக அமைய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்கிறது. கவுன்டி ஆணையர் குழுவின் தீர்மானமும் மாநிலப் போக்குவரத்து ஆணையரின் ஒப்புதலும் சேர்ந்தால்தான் சாலை இப்பட்டியலில் ஏறும்.

பலகையின் இரு வடிவங்கள்

மேற்கண்ட நிதிப் பிரிவினையைச் சாலையோரப் பலகையே காட்டுகிறது. மாநில உதவி பெறும் சாலைக்குப் பொதுவாக நீல நிற ஐங்கோணப் பலகை. அதில் மஞ்சள் நிறத்தில் எண்ணும் கவுன்டியின் பெயரும் இருக்கும். உதவி பெறாத கவுன்டிச் சாலைக்கு வெள்ளைச் சதுரத்தில் கறுப்பு எண். ஐங்கோணம் அமெரிக்கா முழுவதற்குமான சாலைக் குறியீட்டுக் கையேட்டில் கவுன்டிச் சாலைக்கு வகுக்கப்பட்ட வடிவம். மினசோட்டா அதைத் தன் நிதி அடுக்கோடு பொருத்தியது.

எண்களைத் தருவது கவுன்டியின் உரிமை. ஆகவே ஒரே எண் பல கவுன்டிகளில் வெவ்வேறு சாலைகளுக்கு வழங்கும். பலகையில் கவுன்டியின் பெயர் பொறிக்கப்படுவது இதனால்தான்: பெயரும் எண்ணும் சேர்ந்தே ஒரு சாலையைத் தனித்துக் காட்டுகின்றன. தேவை மதிப்பீட்டுக் கணக்கிலும் இந்த இணைப்பே சாலையின் அடையாளம். ஒரு சாலையின் நீளம், தடங்கள், பாலங்கள், தரத்துக்கு உயர்த்த ஆகும் செலவு யாவும் அந்த எண்ணின் கீழ் பதிவாகின்றன.

ஹெனப்பினின் எண்கள்

பொதுநிலம் சதுர மைல்களாக அளக்கப்பட்ட மாநிலம் மினசோட்டா. பல கவுன்டிகளில் சாலைகள் அந்த அளவைக் கோடுகளை ஒட்டியே ஓடுகின்றன. ஹெனப்பினில் ஏரிகளும் ஆறுகளும் அக்கோடுகளை உடைக்கின்றன. மினடோங்கா ஏரியின் கரையோரம் 15, 19 எண் சாலைகள் வளைந்து செல்கின்றன. தெற்கே மினசோட்டா ஆற்றுப் பக்கமாக 1 எண் சாலை பயனியர் டிரெயில், பழைய ஷாக்கபி சாலை என்ற பெயர்களில் ஓடுகிறது. கட்டத்துக்கு ஏற்ப ஏறுவரிசையில் எண் வைக்கும் முறை இந்நிலத்தில் எளிதில் பொருந்தாது.

எண்களில் வரலாற்றின் படிவுகளைக் காணலாம். மாநிலம் தன் சாலையைக் கவுன்டியிடம் ஒப்படைக்கும்போது பழைய எண் தொடர்வது வழக்கம். முன்பு மாநிலச் சாலை 152 ஆக இருந்த தடம் இன்று அதே எண்ணுடன் கவுன்டிச் சாலையாக மினியாபொலிஸ் நகரின் ஊடே செல்கிறது. 101 எண்ணும் அப்படியே மாநிலத்திடமிருந்து வந்தது. எதிர்த்திசையிலும் மாற்றம் நடந்தது: ஹெனப்பினின் 62 எண் சாலையில் கிழக்கேயுள்ள விரைவுப் பகுதி 1988-இல் மாநிலத்திடம் சென்று மாநிலச் சாலை 62 ஆயிற்று, மேற்கே எஞ்சிய பகுதி இன்றும் கவுன்டிச் சாலை 62. பழைய 18 எண் கவுன்டிச் சாலையின் தடம் கூட்டாட்சிச் சாலை 169-இன் பகுதியானது. ஒரு காலத்தில் கூட்டாட்சிச் சாலை 52 சென்ற வடமேற்குத் தடத்தை இப்போது கவுன்டிச் சாலை 81 சுமக்கிறது. எண் நிலைத்த இடங்களில் பயணிக்கு மாற்றமே தெரியவில்லை. பொறுப்பு மட்டும் கை மாறியது.

நகருக்குள் எண்ணின் நிலை வேறு. மினியாபொலிசின் புகழ்பெற்ற லேக் தெரு கவுன்டிச் சாலை 3. லின்டேல் அவென்யூ 22. பிராங்க்லின் அவென்யூ 5. மேற்கே செயின்ட் லூயிஸ் பார்க் நகரில் மினடோங்கா பூல்வார்டும் அதே 5. நகரவாசிகள் தெருப் பெயரைச் சொல்வார்களே அன்றி எண்ணைச் சொல்வதில்லை. ஆயினும் எண்ணின் ஆற்றல் அங்கேயும் குறையவில்லை. அத்தெருவைப் பழுது பார்ப்பது, தடங்களின் அகலத்தை முடிவு செய்வது, நடைபாதைக்கு இடம் விடுவது ஆகியவற்றில் நகராட்சியோடு கவுன்டியும் மாநில விதிகளும் சேர்ந்து நிற்பதற்கு அந்த எண்ணே காரணம்.

பள்ளிப் பேருந்தையும் அஞ்சல் வண்டியையும் மனத்தில் கொண்டு உருவான வகைப்பாடு, கடைகளும் நடைபாதையினரும் மிதிவண்டிகளும் நெருங்கிய தெருவுக்கும் பொருத்தப்படுவதால் உரசல் எழுகிறது. ஹெனப்பின் 2009-இல், நடப்போர், மிதிவண்டியினர், பேருந்துப் பயணிகள், ஓட்டுநர் ஆகிய அனைவருக்குமான தெருக் கொள்கையை ஏற்றது. மினசோட்டாவில் இவ்வகைக் கொள்கையை முதலில் ஏற்ற கவுன்டி அதுவே. நிதி தரும் விதி வாகன ஓட்டத்தை முன்வைத்துப் பிறந்தாலும், அதே நிதியில் பாதுகாப்பான தெருவை அமைக்க முடியும் என்பதை இக்கொள்கை காட்டுகிறது.

அண்டை கவுன்டியும் பிற மாநிலங்களும்

ஹெனப்பினுக்குக் கிழக்கே உள்ள ராம்சி கவுன்டி, எண்ணும் எழுத்தும் கலந்த மரபைக் கொண்டது. அங்கே வடக்கு நோக்கிச் செல்லச் செல்லக் குறுக்குச் சாலைகளின் பெயர் கவுன்டிச் சாலை பி, சி, டி, இ என அகர வரிசையில் உயர்கிறது. இடைப்பட்ட சாலை பி2 போன்ற பெயர் பெறுகிறது. பயணிக்கு இந்த வரிசை தெளிவான வழிகாட்டி. ஆனால் நிதிப் பதிவில் கவுன்டிச் சாலை சி என்பது 23. மக்களுக்கான அடையாளமும் நிருவாக அடையாளமும் ஒரே சாலையில் தனித்தனியே வாழ முடியும் என்பதற்கு ராம்சி கண்கூடான சான்று. மாநிலச் சாலை 51-உம் கவுன்டிச் சாலை 51-உம் அங்கே அருகருகே இணையாக ஓடுவது, எண் மட்டும் போதாது, பலகையின் வடிவமும் வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

பிற மாநிலங்கள் கவுன்டி எல்லையை வேறு வழிகளில் எதிர்கொண்டன. ஐயோவா மாநிலம் முழுவதற்கும் ஒரே எழுத்து-எண் கட்டத்தை விரித்தது. கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைகளுக்கு வடக்கிலிருந்து தெற்காக ஏ முதல் ஜே வரையிலும், வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு மேற்கிலிருந்து கிழக்காக கே முதல் இசட் வரையிலும் எழுத்துகள் உண்டு. கலிபோர்னியா 1958-இல் கவுன்டிகளைக் குழுக்களாக்கிக் குழுவுக்கு ஓர் எழுத்து தந்தது. நியூ ஜெர்சியில் 500 வரிசை எண்கள் கவுன்டி எல்லைகளைக் கடந்து தொடர்கின்றன. 600 முதலான எண்கள் பெரும்பாலும் ஒரு கவுன்டிக்குள் அடங்குபவை.

இந்த மூன்றும் பயணியின் கண்ணால் வகுக்கப்பட்டவை. கவுன்டிச் சாலைகளுக்கு எண் தரும் மாநிலம் தன் எல்லை முழுவதற்குமான சீரான எண்முறையை வகுப்பது நன்று என்று நாடு தழுவிய குறியீட்டுக் கையேடும் பரிந்துரைக்கிறது. மினசோட்டா இப்பரிந்துரைக்கு வெளியே நிற்கிறது. பயனியர் டிரெயில் ஹெனப்பினில் 1 எண் சாலை. எல்லையைத் தாண்டிக் கார்வர் கவுன்டியில் நுழைந்ததும் 14. சாலை ஒன்றே, பெயர் ஒன்றே, எண் மட்டும் மாறுகிறது. வழி தெரியாத ஓட்டுநருக்கும், விபத்து நடந்த இடத்தைத் தொலைபேசியில் சொல்ல முயல்பவருக்கும் இது தேவையற்ற இடர்.

இதற்கு எதிரான சான்றும் மினியாபொலிஸ் மாநகர்ப் பகுதியிலேயே கிடைக்கிறது. ஸ்காட், டகோட்டா கவுன்டிகளில் கிழக்கு மேற்காகச் செல்லும் முக்கியச் சாலை இரண்டிலும் 42. மாநிலத்திடமிருந்து வந்த 101 எண் ஸ்காட், கார்வர், ஹெனப்பின் ஆகிய மூன்றிலும் வழங்குகிறது. இந்தத் தொடர்ச்சியால் எந்தக் கவுன்டியும் தன் நிதிப் பங்கையோ பொறுப்பையோ இழக்கவில்லை.

மதிப்பீடு

மினசோட்டாவில் ஒருமை நிதியிலும் தரத்திலும் இருக்கிறது. பன்மை எண்ணில் இருக்கிறது. சாலை எண் அழகான வரிசையில் இருந்து, சாலை குழியும் பள்ளமுமாகக் கிடந்தால் பயனில்லை. ஏழைக் கவுன்டிக்கும் பாலம் கட்டப் பணம் உறுதியாகக் கிடைப்பது, எண் வரிசை சீராக இருப்பதை விட முதன்மையானது. அவ்வகையில் 1956-இன் தீர்மானம் முறையானது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியும் அதன் அடிப்படை அசையவில்லை.

ஆனால் நிதி ஒருமைக்காக எண்ணின் தொடர்ச்சியைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. 42-உம் 101-உம் அதை நிறுவுகின்றன. மாநிலம் முழுவதற்கும் ஐயோவாவைப் போலப் புதுக் கட்டம் விரித்தால் வேரூன்றிய எண்களும் பதிவுகளும் பலகைகளும் குலையும், அச்செலவு தகாது. எல்லையைக் கடக்கும் முதன்மைச் சாலைகளுக்கு மட்டும் அண்டை கவுன்டிகள் பேசி ஒரே எண்ணை ஏற்பதே ஏற்ற வழி. மாநில ஆணையரின் ஒப்புதல் ஏற்கெனவே தேவைப்படும் நடைமுறையில், எல்லையின் இருபுறமும் எண் ஒத்திருப்பதையும் ஒரு தகுதியாகச் சேர்க்கலாம். கவுன்டிக்குள் முடியும் சாலைகளின் எண்ணைக் கவுன்டியே தீர்மானிக்கட்டும். எல்லையைக் கடக்கும் சாலையின் எண்ணும் அதனுடன் எல்லையைக் கடக்க வேண்டும்.