தும்பைப் பூ

வெளுத்த வேட்டியைக் கண்டால் 'தும்பைப் பூப் போல' என்கிறோம். தாயகம் விட்டுப் பல மாநிலங்களில் குடியேறிய நம் இல்லங்களிலும் இவ்வுவமை வழங்கி வருகின்றது. ஆயின், அப்பூ எது என்று நம் சிறார் கேட்பின் காட்ட வல்லோமா? சொல் நம்மோடு வந்துவிட்டது. பூ ஊரிலேயே நின்றுவிட்டதோ?

தும்பை, மழைக்குப் பின் தரிசிலும் வழியோரத்திலும் தானே முளைக்கும் சிறு பூண்டு. நாற்கோணத் தண்டும், கணுக்களைச் சூழ்ந்து கொத்தாய் மலரும் வெண்பூக்களும் உடையது. இதனை எவரும் விதைப்பதில்லை. எனினும் நம் முன்னோர் இதற்குப் போர்க்களத்தில் இடம் அளித்தனர். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மண்ணாசையால் படையெடுத்தலை வஞ்சி என்றும் தொல்காப்பியம் வகுக்கின்றது. தன் வலிமையை நிலைநாட்டுதலே பொருளாக வந்த வேந்தனை எதிர்சென்று அழித்தல் தும்பை. எதிரெதிர் நின்ற இரு படையினரும் இவ்வொரு பூவையே சூடுதல் மரபு. நிலமும் செல்வமும் கருதாத அப்போருக்கு விலையில்லாத இப்பூவே பொருந்தும் என எண்ணினர் போலும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பட்டது என்பது பழங்குறிப்பு. அதன் நெடிய பூவரிசையில் தும்பையும் துழாயும் அடுத்தடுத்து நிற்கின்றன. துழாய் என்பது துளசியே. மோனை நோக்கி அவ்வாறு அமைந்திருக்கலாம்; ஆயினும் இன்றைய தாவர நூலாரும் இவ்விரண்டையும் புதினாவோடு சேர்த்து ஒரே குடும்பத்தில் வைத்துள்ளனர். 1810ஆம் ஆண்டில் ராபர்ட் பிரவுன் என்னும் அறிஞர் தும்பை இனத்திற்கு 'லூக்கஸ்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் அது வெண்மையைக் குறிப்பது. வேட்டிக்கு உவமை சொன்ன நம் பாட்டியர் கண்டதும் அவ்வெண்மையே அன்றோ!

உண்மையில் பூ ஊரில் நின்றுவிடவில்லை. கேரளத்தில் அது 'தும்ப' என்னும் பெயரோடு ஓணப் பூக்களத்தை அணி செய்கின்றது. கன்னடர் 'தும்பெ' என்பர். தெலுங்கர் 'தும்மி' என்பர். வடபுலத்தில் இவ்வினப் பூண்டுகளுக்குத் 'துரோணபுஷ்பி' என்றும் 'கூமா' என்றும் பெயர் வழங்குகின்றது.

வடபுலத்து அரசனுக்குத் தமிழ் கற்பித்த பாட்டில் இடம்பெற்ற பூ, அயல் மாநிலங்களில் வளரும் நம் சிறார்க்கும் தமிழ் கற்பிக்க வல்லது. மழை ஓய்ந்த ஒரு காலையில் அவர்களை வழியோரம் அழைத்துச் செல்வோம். அங்குள்ளார் கூறும் பெயரை முதலில் கேட்போம். பின்னர் நம் பெயரைச் சொல்லிக் கொடுப்போம்.